படுத்தா 74, எந்திரிச்சு நின்னா 126: என் படபடப்புக்கு பேர் தெரியாம அலைஞ்ச பதினஞ்சு மாசம்

2022 நவம்பர்ல எனக்கு டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். காய்ச்சல் விட்டுச்சு, தட்டணு ஏறுச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மூணு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு டிசம்பர்ல வேலைக்கும் போயிட்டேன். டெங்கு அதோட முடிஞ்சுதுன்னு தான் வீட்ல எல்லாரும் நெனச்சோம். அதுக்கப்புறம் பாட்ஸ்னு (POTS) ஒரு கோளாறு, எந்திரிச்சு நின்னாலே இதயம் வேகமா ஓடும், அதுக்கு பேர் கூட தெரியாம 2024 பிப்ரவரி வரைக்கும் நான் பட்ட பாடு தான் இது. இவ்வளவு நாள்ல எத்தனையோ டெஸ்ட் எடுத்தாங்க, ஆனா ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் யாரும் எடுக்கல, அதுக்கு பெரிய மெஷின் வேணாம், காசும் ஆகாது. படுக்க வெச்சு நாடி பாத்துட்டு, எந்திரிச்சு நிக்க வெச்சு பத்து நிமிஷம் மறுபடி பாக்கணும். அவ்வளவு தான். இத அப்பவே யாராவது சொல்லியிருந்தா எங்கம்மா செயின் அடகுக்கு போயிருக்காது, அதனால தான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

எனக்கு அப்போ 26 வயசு. லால்குடில வீடு, திருச்சில ஒரு பெரிய ஜவுளிக்கடையில பட்டுப்புடவை செக்‌ஷன்ல சேல்ஸ். படிச்சது பி.எஸ்சி. விலங்கியல், படிச்சதுக்கு வேலை கிடைக்கல, இதுல 11,500 சம்பளம். காலைல ஒன்பதரைக்கு உள்ள போனா ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கணும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், நடுவுல டீக்கு ரெண்டு தடவை. ரெண்டு வருஷமா இதே வேலைய தான் பாத்தேன், ஒரு பிரச்சனையும் வந்ததில்ல. டெங்குக்கு அப்புறம் போன மொத வாரத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுது. ஒரு அம்மாவுக்கு முந்தானைய விரிச்சு கையில பிடிச்சு காட்டிட்டு இருக்கேன், காதுக்குள்ள தொப் தொப்னு என் இதயம் அடிக்கிற சத்தம் கேக்குது, அந்தம்மா விலை கேக்குறாங்க, வாய் அசையுறது தெரியுது, என்ன கேக்குறாங்கன்னு மண்டைல ஏறல, புடவையோட ஜரிகை மட்டும் பளிச்சுனு தெரிஞ்சு சுத்தி எல்லாம் மங்குது. கவுண்டர்ல கைய ஊனிக்கிட்டு நின்னேன். கீழ குனிஞ்சு பெட்டிய எடுக்குற மாதிரி ஒரு நிமிஷம் உக்காந்தா சரியாயிடும், எந்திரிச்சா மறுபடி ஆரம்பிக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து கொலுச கழட்டும்போது பாத்தா ரெண்டு பாதமும் கருஞ்சிவப்பா, நாவப்பழம் தின்ன நாக்கு கலர்ல இருக்கும். கால தூக்கி கட்டில் மேல வெச்சா கொஞ்ச நேரத்துல பழைய கலருக்கு வந்துடும். இந்த கால் கலர நான் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லல, நெஞ்சுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுட்டேன். அது தப்பு. சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியுறதயும் சேத்து சொல்லுங்க, எது எதோட சேருதுன்னு நமக்கு தெரியாது.

மொத போனது எங்க ஊர் டாக்டர்கிட்ட, 2023 பிப்ரவரி. ரத்தம் 10.8 இருந்துச்சு, டெங்கு வந்த உடம்பு, பொம்பளப்புள்ளைக்கு ரத்தக்குறைவு, அதான் படபடப்புன்னு சொல்லி இரும்புச்சத்து மாத்திரை மூணு மாசத்துக்கு குடுத்தார். அத குறை சொல்ல மாட்டேன், ரத்தம் கம்மியா இருந்தா நெஜமாவே இதயம் வேகமா தான் அடிக்கும், மொதல்ல அத தான் பாக்கணும். ஆனா மே மாசம் ரத்தம் 12.4 ஆச்சு, படபடப்பு அப்படியே இருந்துச்சு, வெயில் வேற சேந்து இன்னும் மோசமாச்சு. ரத்தம் ஏறியும் படபடப்பு குறையலன்னா காரணம் வேற எதோ இருக்குன்னு அப்பவே நான் திரும்பிப் போய் கேட்டிருக்கணும். மாத்திரை இன்னும் வேலை செய்யலன்னு நெனச்சு ரெண்டு மாசம் சும்மா ஓட்டிட்டேன்.

ஆடித் தள்ளுபடில தான் விழுந்தேன். ஞாயித்துக்கிழமை கூட்டம், தண்ணி குடிக்க கூட நகர முடியல (பாத்ரூம் அடிக்கடி போக முடியாதுன்னு நாங்க எல்லாருமே தண்ணி கம்மியா தான் குடிப்போம், ஜவுளிக்கடையில வேலை பாக்குற எந்த பொண்ண கேட்டாலும் இத சொல்லும்), சாயந்தரம் நாலரை இருக்கும், கண்ணு இருட்டி அப்படியே சரிஞ்சுட்டேன். பக்கத்து செக்‌ஷன் அக்கா தான் பிடிச்சு படுக்க வெச்சாங்க. ஆட்டோல போட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. அங்க கட்டில்ல படுக்க வெச்சு ஈசிஜி எடுத்தா 82, நார்மல். பிபி நார்மல். சுகர் நார்மல். ராத்திரி அட்மிஷன் போட்டு, மறுநாள் தலைக்கு எம்ஆர்ஐ எடுத்து, அதுவும் நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த ஒரு ராத்திரிக்கு பில்லு 18,600, எம்ஆர்ஐ தனியா 7,500. நின்னா வர்ற தொந்தரவ படுக்க வெச்சு தேடியிருக்காங்கன்னு இப்ப புரியுது. அப்ப எனக்கு நார்மல்ங்கிற வார்த்தைய கேட்டதும் சந்தோஷமா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பாத்ரூம் போக எந்திரிச்சதும் அந்த சந்தோஷம் போயிடுச்சு.

அடுத்தது இதய டாக்டர். எக்கோ எடுத்தாங்க, இதயத்துல ஓட்டை இல்ல, வால்வு நல்லா இருக்கு. ட்ரெட்மில்ல ஓட விட்டாங்க, அதுவும் பரவால்ல. அப்புறம் ஹோல்டர்னு ஒரு சின்ன டப்பா, நெஞ்சுல வயர ஒட்டி 24 மணி நேரம் போட்டுக்கணும், 3,500 ரூபா. இங்க தான் நான் பெரிய தப்பு பண்ணேன். அத போட்டுக்கிட்டு கடைக்கு போனா எல்லாரும் கேப்பாங்கன்னு அன்னிக்கு லீவு போட்டு வீட்ல படுத்துட்டே இருந்தேன். கூட ஒரு பேப்பர் குடுத்தாங்க, எத்தனை மணிக்கு என்ன பண்ணீங்க, என்ன தொந்தரவு வந்துச்சுன்னு எழுதணும், அதயும் எழுதல. ரிப்போர்ட்ல நடுநடுவுல 130, 148-னு ஏறியிருந்துச்சு, அது நான் எந்திரிச்சு சமையல்கட்டுக்கு போன நேரம், கொடில துணி காயப்போட்ட நேரம், ஆனா எழுதாததால டாக்டருக்கு அது தெரியாது. தாளம் ஒழுங்கா தான் இருக்கு, வேகம் மட்டும் ஏறுது, பயத்துல அப்படி ஆகும்மான்னுட்டார். அதனால ஹோல்டர் போட்டா தயவுசெஞ்சு வழக்கமா என்ன வேலை பாப்பீங்களோ அத பாருங்க, எந்திரிச்ச நேரம், நின்ன நேரம், சாப்பிட்ட நேரம் எல்லாம் எழுதுங்க. அந்த டப்பாவுக்கு நம்ம நெஞ்சு அடிக்கிறது மட்டும் தான் தெரியும், நாம நிக்கிறோமா படுத்திருக்கோமான்னு தெரியாது.

அங்கேர்ந்து மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. நாலு மாசம் மாத்திரை, கன்சல்டிங் எல்லாம் சேத்து 9,000 கிட்ட போச்சு. இத நான் ஜாக்கிரதையா சொல்லணும். பதட்ட நோய்ங்கிறது உண்மையான நோய், அதுக்கு மாத்திரை வேணுங்கிறவங்க கண்டிப்பா சாப்பிடணும், யாரும் இத படிச்சுட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க. என் விஷயத்துல அது பொருந்தல, அவ்வளவு தான். எனக்கு பயம் வந்து இதயம் ஓடல, இதயம் ஓடுனதால பயம் வந்துச்சு. சும்மா டிவி பாத்துட்டு இருந்துட்டு எந்திரிச்சா 120 அடிக்குது, அப்போ எனக்கு என்ன பயம்? ஆனா இத சொல்லி யாருக்கும் புரிய வைக்க முடியல. அக்டோபர்ல வேலைய விட்டேன். ஒரு வரன் வந்துச்சு, பொண்ணுக்கு நெஞ்சுல ஏதோ கோளாறாம்னு யாரோ சொல்லி அது நின்னு போச்சு. டிசம்பர்ல ஒரு நாள் அம்மா, "குணசீலம் போய் பெருமாள சேவிச்சுட்டு, கொஞ்ச நாள் அங்கயே இருந்துட்டு வரலாம்டி"ன்னாங்க. எங்க பக்கம் இருக்கறவங்களுக்கு தெரியும், குணசீலத்துக்கு யார கூட்டிட்டு போய் தங்க வைப்பாங்கன்னு. மனசு சரியில்லாதவங்கள. அம்மா என் மேல இருக்குற பாசத்துல தான் சொன்னாங்க, சாமி மேல எனக்கும் நம்பிக்கை இருக்கு. ஆனா பெத்த தாயே நம்ம பேச்ச நம்பலயேன்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதேன். விழுந்தப்ப கூட நான் அப்படி அழல.

அழுது முடிச்சு விடியக்காலைல தான் அந்த ஆக்ஸிமீட்டர் ஞாபகம் வந்துச்சு. கொரோனா நேரத்துல அப்பாவுக்கு வாங்குனது, விரல்ல மாட்டுறது. ஆக்ஸிஜன் அளவுக்கு கீழயே நாடித் துடிப்பயும் காட்டும்ல. படுக்கைலயே மாட்டி பாத்தேன், 74. எந்திரிச்சு நின்னேன். 96, 109, 118. அஞ்சு நிமிஷத்துல 126. மறுபடி படுத்தேன், ஒரு நிமிஷத்துல 80-க்கு வந்துடுச்சு. கை நடுங்குது எனக்கு. பயத்துல இல்ல, கண்ணு முன்னாடி நம்பரா தெரியுதே, இத யாரும் இல்லன்னு சொல்ல முடியாதேங்கிற ஒரு இது. நாப்பது பக்க நோட்டு ஒண்ண எடுத்து கோடு போட்டு பதினஞ்சு நாள், காலைல ஒரு தடவை சாயந்தரம் ஒரு தடவை, படுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒண்ணு, நின்னு ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு எழுதினேன். இதே மாதிரி நீங்க பாக்கறதா இருந்தா நெயில் பாலிஷ அழிச்சுடுங்க, விரல் சில்லுனு இருந்தாலும் தப்பா காட்டும், கைய ஆட்டாதீங்க. ஆக்ஸிமீட்டர் இல்லன்னா மணிக்கட்டுல விரல் வெச்சு முப்பது செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கினா போதும். தனியா இருக்கும்போது நின்னு பாக்காதீங்க, சுவர் பக்கத்துல நில்லுங்க, யாராவது கூட இருக்கணும்.

அந்த பதினஞ்சு நாள்ல என்னோட பழைய காலேஜ் புக்கயும் பரண்லேர்ந்து இறக்கினேன். எங்க புரொஃபசர் ஒருத்தர் தவளை இதயத்த பத்தி சொன்னது ஞாபகம் இருந்துச்சு. தவளையோட இதயத்த வெளிய எடுத்து உப்புக் கரைசல்ல போட்டாலும் அது பாட்டுக்கு அடிச்சுட்டே இருக்கும். துடிக்கச் சொல்லி நரம்பு வந்து கட்டளை போட வேண்டியதில்ல. நம்ம இதயமும் அப்படி தான், வலது மேலறைல சைனஸ் கணுன்னு ஒரு சின்ன இடம், அது தானாவே மின்சாரத்த உண்டாக்கி அடிக்குது. நரம்பு எதுவும் தொடலன்னா பெரியவங்களுக்கு அது நிமிஷத்துக்கு 100 கிட்ட அடிக்கும். அப்போ நமக்கு சும்மா இருக்கும்போது 70 காட்டுதே, அது எப்படின்னா, மூளையோட அடிப்பகுதியான முகுளத்துலேர்ந்து வர்ற வேகஸ் நரம்பு எந்நேரமும் கடிவாளத்த இழுத்து பிடிச்சுட்டே இருக்கு. இதய மாற்று ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அந்த நரம்பு அறுபட்டு போறதால சும்மா இருக்கும்போதே 90, 100-னு அடிக்கும்னு படிச்சப்ப தான் எனக்கு நல்லா உறைச்சுது. வேகமா ஓடுறது தான் இதயத்தோட சுபாவம், நிதானம் வெளியிலேர்ந்து வர்றது.

அந்த நரம்பு எப்படி பேசுதுங்கிறத கண்டுபிடிச்சதும் தவளைல தான். 1921-ல ஓட்டோ லோவின்னு ஒருத்தர், ஆஸ்திரியாவுல கிராட்ஸ் ஊர்ல, ரெண்டு தவளை இதயத்த எடுத்தார். ஒண்ணோட வேகஸ் நரம்ப தூண்டுனதும் அது மெதுவாச்சு. அது இருந்த தண்ணிய எடுத்து ரெண்டாவது இதயத்துல விட்டார், அத யாரும் தூண்டவே இல்ல, அதுவும் மெதுவாச்சு. அப்போ நரம்பு ஒரு ரசாயனத்த விடுது, அது தான் இதயத்த அடக்குதுன்னு தெரிஞ்சுது, அசிட்டைல்கோலின். இதுக்கு 1936-ல ஹென்றி டேல் கூட சேத்து நோபல் பரிசு குடுத்தாங்க. இந்த யோசனை கனவுல வந்துச்சுன்னு லோவியே சொல்லியிருக்கார், மொத ராத்திரி எழுதி வெச்சத காலைல அவராலயே படிக்க முடியல, மறுநாள் ராத்திரி மறுபடி வந்ததும் நேரா ஆய்வகத்துக்கு எந்திரிச்சு போயிட்டாராம். எங்க புரொஃபசர் இத சொன்னப்ப கிளாஸ்ல நான் நல்லா ரசிச்சு கேட்டேன், பரிட்சைக்கும் எழுதினேன். ஆனா அது என் நெஞ்சுக்குள்ளயும் நடக்குற சங்கதின்னு அன்னிக்கு தோணவே இல்ல.

கடிவாளம் வேகஸ்னா, சவுக்கு பரிவு நரம்பு. அது நார்அட்ரினலின்ங்கிற ரசாயனத்த விடும், இதயம் வேகமாவும் அழுத்தமாவும் அடிக்கும். இதுல ஒரு வித்தியாசம் இருக்கு. வேகஸ் ஒரு துடிப்புக்குள்ளயே பிடிக்கும், விடும். பரிவு நரம்பு வேலை காட்ட சில செகண்ட் ஆகும், அடங்கவும் நேரம் எடுக்கும். வேகஸ உங்களாலயே தொட்டு பாக்க முடியும். மணிக்கட்டுல விரல் வெச்சுட்டு மெதுவா மூச்ச உள்ள இழுங்க, நாடி கொஞ்சம் வேகமாகும், மெதுவா வெளிய விடுங்க, தளரும். சின்ன வயசுக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும், பயப்படாதீங்க, நோய் இல்ல அது.

சரி, நிக்கும்போது என்ன நடக்குது? படுத்திருந்துட்டு எந்திரிச்சா அரை லிட்டருக்கு மேல ரத்தம் வயித்துக்கும் காலுக்கும் இறங்கிடும், எல்லாருக்குமே தான். இதயத்துக்கு திரும்பி வர்ற ரத்தம் குறையும், பிரஷர் இறங்கும். கழுத்துல நாடி பாப்போமே, அந்த ரத்தக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துலயும், இதயத்துலேர்ந்து வர்ற பெரிய குழாயோட வளைவுலயும் இழுவைய அளக்குற நரம்பு முனைங்க இருக்கு. குழாய் கொஞ்சம் தளர்ந்தாலே உடனே முகுளத்துக்கு சேதி போகும். முகுளம் கடிவாளத்த விடும், சவுக்க எடுக்கும், கால்ல இருக்குற குழாய்ங்கள சுருக்கி ரத்தத்த மேல தள்ளும். நல்லா இருக்கறவங்களுக்கு நாடி பத்து இருபது ஏறி அங்கயே நின்னுடும், அவங்களுக்கு இது நடந்ததே தெரியாது. என்ன மாதிரி ஆளுங்களுக்கு எங்கயோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கு. சிலருக்கு கால்ல குழாய சுருக்குற நரம்பு சரியா வேலை செய்யாது, சிலருக்கு உடம்புல ரத்த அளவே கம்மி, சிலருக்கு நார்அட்ரினலின் அளவுக்கு மீறி ஊறும். கீழ தேங்குன ரத்தத்த ஈடுகட்ட இதயம் மட்டும் ஓடு ஓடுன்னு ஓடுது. என் பாதம் நாவப்பழக் கலர் ஆனது அங்க ரத்தம் தேங்குனதால தான்.

2024 பிப்ரவரில அந்த நோட்டோட கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி ஓபிக்கு போனேன். தனியாருக்கு போக காசு இல்லாததால போனேன், வேற காரணம் இல்ல. ரெண்டரை மணி நேரம் வரிசை. ஒரு இளவயசு டாக்டர் மேடம். நான் வழக்கம்போல படபடப்பு, மயக்கம்னு ஆரம்பிக்காம நோட்ட விரிச்சு மேஜைல வெச்சு, "படுத்தா இவ்வளவு மேடம், நின்னா இவ்வளவு"ன்னேன். அவங்க ரெண்டு பக்கம் புரட்டினாங்க, நிமிந்து என்ன பாத்தாங்க, "இத யாருமா எழுத சொன்னது?"ன்னாங்க. நானா தான் மேடம்னேன். அங்கயே ஓரமா இருந்த கட்டில்ல படுக்க வெச்சு பிபி, நாடி பாத்தாங்க, 110/70, 76. அப்புறம் சுவர்ல தோள மட்டும் சாச்சு, குதிகால சுவத்துலேர்ந்து அரை அடி தள்ளி வெச்சு, பேசாம, கால அசைக்காம நிக்க சொல்லி ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நர்ஸ் அக்காவ பாக்க சொன்னாங்க. பத்தாவது நிமிஷம் 108/74, நாடி 122. பிபி இறங்கல, நாடி மட்டும் 46 ஏறியிருக்கு. "பாட்ஸ் மாதிரி இருக்கும்மா"ன்னு சொல்லி சீட்டுல எழுதினாங்க. பாஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். நின்னு பத்து நிமிஷத்துக்குள்ள நாடி 30-க்கு மேல ஏறணும் (12-லேர்ந்து 19 வயசுக்குள்ளன்னா 40), பிபி பெருசா இறங்கக்கூடாது, தொந்தரவு மூணு மாசமாவது இருக்கணும், ரத்தக்குறைவு, தைராய்டு மாதிரி வேற காரணம் இருக்கக்கூடாது, அப்ப தான் இந்த பேர் வைப்பாங்களாம். இந்த பேரே 1993-ல தான் அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டருங்க வெச்சது. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் வர்றது உண்டு, வயசுப் பொண்ணுங்களுக்கு தான் அதிகம், கொரோனாவுக்கு அப்புறம் நிறைய பேருக்கு வந்துருக்கு. "உன் இதயம் நல்லா இருக்குமா, அத ஓட்டுற நரம்பு தான் தடுமாறுது. இது உயிருக்கு ஆபத்து இல்ல, ஆனா நெஜமான தொந்தரவு"ன்னாங்க. நெஜமான தொந்தரவு. அந்த ரெண்டு வார்த்தைக்கு நான் பதினஞ்சு மாசம் காத்திருந்தேன்.

அதுக்குள்ள போன காசு, ஊர் டாக்டர், ரத்த டெஸ்ட்டுங்க, எக்கோ, ட்ரெட்மில், ஹோல்டர், எம்ஆர்ஐ, அட்மிஷன், மனநல மாத்திரை எல்லாம் கூட்டுனா 52,500. எட்டு மாசம் சம்பளம் இல்லாதது தனி, அது 92,000. அம்மாவோட ஒன்றரை பவுன் செயின் அடகுல இருந்து போன தீபாவளிக்கு தான் மீட்டோம்.

இப்ப என்ன பண்றேன்னு சொல்றேன், இது எனக்கு டாக்டர் சொன்னது, உங்களுக்கு உங்க டாக்டர் தான் சொல்லணும். தண்ணி ஒரு நாளைக்கு மூணு லிட்டர் கிட்ட. காலைல கட்டில்ல இருந்து இறங்குறதுக்கு முன்னாடி அரை லிட்டர் ஒரே மூச்சா குடிச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்து அப்புறம் எந்திரிக்கறேன், இது ஒண்ணே காலை நேரத்த எனக்கு திருப்பி குடுத்துச்சு. உப்பு வழக்கத்த விட ஒரு டீஸ்பூன் கூட, நீராகாரத்துல, மோர்ல போட்டு குடிச்சுடுவேன். பிபி, கிட்னி, இதய நோய் இருக்கறவங்க இந்த உப்பு விஷயத்த கிட்டயே சேக்காதீங்க, ஊர்ல எல்லாருக்கும் உப்ப குறைக்க சொல்றப்ப எனக்கு கூட்ட சொன்னது என் நோய்க்காக மட்டும். மதியம் தட்டு நிறைய சோறு தின்னா ரத்தம் குடலுக்கு போயிடும், அடுத்த ஒரு மணி நேரம் படபடன்னு இருக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு தடவையா சாப்பிடுறேன். சுடுதண்ணி குளியல விட்டுட்டேன். தொடை வரைக்கும் இறுக்கமா பிடிக்கிற காலுறை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன், திருச்சி வெயில்ல அத போட்டுக்கறது கஷ்டம் தான், ஆனா நிக்கிற வேலைக்கு அது இல்லாம முடியாது, காலைல எந்திரிச்சதும் கால் தொங்கறதுக்கு முன்னாடியே மாட்டணும், மதியம் மாட்டுனா பிரயோஜனம் கம்மி.

மாத்திரைன்னா நாடி வேகத்த குறைக்கிற ப்ரொப்ரனலால், சின்ன டோஸ், அதுவும் வீசிங் இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு தான் குடுத்தாங்க, ஆஸ்துமாக்காரங்களுக்கு அது ஆகாது, பக்கத்து வீட்டுக்காரங்க சீட்ட பாத்து வாங்கி போட்டுக்கற மாத்திரை இல்ல. எல்லாத்தயும் விட எனக்கு கை குடுத்தது உடற்பயிற்சி, ஆனா நடக்க போகச் சொல்லல. படுத்துட்டே சைக்கிள் மிதிக்கிற மாதிரி கால ஆட்டுறது, சாஞ்சு உக்காந்து மிதிக்கிற சைக்கிள்னு ஆரம்பிச்சு மொத வாரம் அஞ்சு நிமிஷம், அப்புறம் ஏழு, பத்து. மொத ஒரு மாசம் இன்னும் சோர்வா தான் இருந்துச்சு, விட்டுடலாம்னு தோணுச்சு. மூணாவது மாசம் தான் வித்தியாசம் தெரிஞ்சுது. கெண்டைக்கால் சதை தான் கீழ இருக்குற ரத்தத்த பிழிஞ்சு மேல அனுப்புது, அது பலமானா இதயத்துக்கு பாரம் குறையும். நிக்க வேண்டி வந்தா இப்பவும் குதிகால தூக்கி இறக்கிட்டே இருப்பேன், இல்ல ஒரு கால் மேல ஒரு கால குறுக்க வெச்சு தொடைய இறுக்கிப்பேன், பஸ்ல நின்னுட்டு வரும்போதும் அதே தான்.

வேலைக்கு 2024 ஜூன்ல வேற ஒரு கடையில சேந்தேன். சேரும்போதே டாக்டர் லெட்டர குடுத்து ஸ்டூல் கேட்டேன். இன்னொரு விஷயம் அப்ப தான் எனக்கு தெரிஞ்சுது, 2021-லயே தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து, வேலை பாக்குற எல்லாருக்கும் உக்கார இருக்கை குடுக்கணும், வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உக்காரலாம்னு சொல்லியிருக்கு. கேரளாவுல 2018-லயே வந்துடுச்சு. அப்போ பழைய கடையில நான் ஸ்டூலுக்காக கெஞ்சுன நாள்லயே அது எனக்கு உரிமையா இருந்துருக்கு, எனக்கும் தெரியாது, சூப்பர்வைசர் அண்ணனுக்கும் தெரியாதுன்னு தான் நெனக்கிறேன், கஸ்டமர் வர்ற நேரத்துல உக்காந்தா மரியாதையா இருக்காதும்மான்னு தான் அவர் சொல்லுவார். நோய் இருந்தா தான் உக்காரணும்னு இல்ல. பன்னெண்டு மணி நேரம் நிக்கிற எல்லா பொண்ணுங்களுக்கும் கால் கால் தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிடறேன். படபடப்புன்னா எல்லாம் பாட்ஸ் இல்ல. எனக்கு நின்னா ஏறும், படுத்தா இறங்கும், ஏறுறது படிப்படியா தான். அப்படி இல்லாம உக்காந்திருக்கும்போதே சுவிட்ச் போட்ட மாதிரி ஒரே நொடில 160, 180-னு ஆகி அதே மாதிரி சட்டுனு நின்னா அது இதயத்தோட மின்சாரப் பாதைல இருக்குற கோளாறா இருக்கலாம், அத அடிக்கும்போதே ஈசிஜி எடுத்தா தான் பிடிபடும். நெஞ்சு வலி, ஓடும்போதோ மாடி ஏறும்போதோ மயக்கம் போட்டு விழறது, குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்கறது, இதுல எது இருந்தாலும் நோட்டு போட்டு எழுதிட்டு உக்காராதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க.

இன்னும் முழுசா சரியாகல எனக்கு. நல்ல நாள்ல 72-லேர்ந்து 98, மாதவிடாய் நேரத்துலயும் வெயில் ஏறுனாலும் மறுபடி 115, 120. முகூர்த்த நாள்னா ராத்திரி வந்ததும் செவுத்துல கால தூக்கி வெச்சு அரை மணி நேரம் படுத்துடுவேன், பேச தெம்பு இருக்காது. அம்மா இப்பல்லாம் விடிஞ்சதும் தண்ணி சொம்போட ஆக்ஸிமீட்டரயும் எடுத்துட்டு வந்து கட்டில் பக்கத்துல நிப்பாங்க, நான் குடிச்சு முடிச்சு எந்திரிச்சு நிக்கிற வரைக்கும் நகர மாட்டாங்க. "எத்தனைடி காட்டுது?"ன்னு கேட்டு, நான் சொல்ற நம்பர அவங்க கையாலயே நோட்டுல எழுதிட்டு தான் அடுப்படிக்கு போறாங்க.